தொட்டு விளையாட்டு

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் விசில் சத்தம். "தொட்டா அவுட்" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். விளையாட்டாக மாற்றினால் குழந்தைகள் தானாக ஓடும் என்று அங்குள்ள ஆசிரியை நேற்று என்னிடம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொன்னாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் பள்ளியில் படித்தபோது, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர் டிரில் வாத்தியாரும் இதைக் கண்டுபிடித்தார். கையைத் தூக்கு, இறக்கு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாத ஆள். காக்கி டவுசரெல்லாம் மூக்குப்பொடிக் கறை. இன்ஸ்பெக்டர் வரும்போது பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் தொட்டு விளையாட்டை வைத்தார். என் அப்பா நிலபுலமுள்ள ஊர்ப் பண்ணாடி என்பதால் தொடுகிறவன் நான்.

எல்லோரையும் தொட்டு உட்கார வைத்தேன். சேரியிலிருந்து வரும் மருதன் மட்டும் மிச்சம். அவன் ஓடவே இல்லை. நடு மைதானத்தில் நின்றான். கோயிலைச் சுற்றுவதுபோல் நான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

"ஏம்ப்பா தொடலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொட்டுப்போட்டா ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாங்கங்க" என்றேன்.

வாத்தியார் இளித்தார். "அவனை ஆட்டத்துல சேத்தறதில்லைங்க. பண்ணாடி பையன்தானுங்க ஜெயிச்சது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பரிசாக வைத்திருந்த பெப்பர்மிட்டு என் கைக்கு வந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லாமல் மருதன் நின்றுகொண்டே இருந்தான்.

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மறுபடி விசில். அந்த வாத்தியாரையும் இன்ஸ்பெக்டரையும் நினைத்து இத்தனை வருஷம் காறித் துப்பியிருக்கிறேன். பெப்பர்மிட்டை மட்டும் துப்பவில்லை. கரையும்வரை சப்பித் தின்றேன்.