பெடல் இல்லாத பேச்சு

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். மருத்துவர்கள் ஒலிப்பதிவில் சொல்லிவிட்டுப் போகிற நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது வேலை. அதில் அவளுக்குப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சொல்லைப் பாதியில் விழுங்கும் எலும்பு டாக்டர், மூச்சுவிடாமல் ஓடும் இதய டாக்டர், டீ உறிஞ்சிக்கொண்டே பேசும் குழந்தை டாக்டர், எல்லோருடைய ஆங்கிலமும் அவள் காதுக்குப் பழக்கம். மற்றவர்கள் ஏதாவது ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஹெட்போனோடு அவள் மேசைக்கு வருவார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொல்லைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பாள்.

மேசைக்கு அடியில் ஒரு பெடல் உண்டு. பாதத்தின் முன்பகுதியால் அழுத்தினால் ஒலி ஓடும், குதிகாலால் அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் போகும். வலது குதிகாலில் பதினான்கு வருடக் காய்ப்பு.

அப்படிப்பட்டவள் ஆங்கிலத் தேர்வில், அதுவும் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில், முப்பதுக்குப் பதினேழு வாங்கினாள். படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேவைக்கு மேலேயே வந்திருந்தது. அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. பாம்புச்செவிக்கே பதினேழு என்றால் தங்களுக்கெல்லாம் கையிலிருப்பதையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்கள் என்றார் மேற்பார்வையாளர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பொதுச் சுகாதாரத்தில் ஓராண்டுப் படிப்புக்கு இடம் தருவதாக எழுதியிருந்தது. குறித்த தேதிக்குள் கேட்டல் பகுதியில் இருபத்திரண்டு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு நல்ல காரணங்களாக எழுதினாள். எழுதாத காரணம் ஒன்றுதான். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவள் காதுக்குள் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூட அவளிடம் பேசவில்லை. “இதற்கு அடிக்கோடிடவும்” என்று டாக்டர் சொல்வதுகூட, கேட்பது இன்னார் என்று தெரியாமல் சொல்வது. வீடு என்பது இரண்டாம் மாடியில் ஓர் அறை. கீழ்வீட்டுக்காரர்களோடு உறவு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பதோடு சரி. தனக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் பேச, தான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசை என்று யாரிடம் சொல்வது?

இரண்டாவது தேர்வுக்கு நான்கு மாதம் பயிற்சி செய்தாள். பயிற்சிப் பதிவுகளில் வரும் ஆட்களெல்லாம் அத்துப்படி ஆனார்கள். கட்டுரைக்குக் கூடுதல் நாள் கேட்கும் மாணவன், நூலக அட்டையைத் தொலைத்த பெண், பாறைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் உற்சாகமாகும் பேராசிரியர். மாலையில் அறைக்கு வந்து ஒவ்வொரு பதிவையும் முழுக்கத் தட்டச்சு செய்தாள். ஒரு காற்புள்ளி பிசகவில்லை. பிறகு வினாவைப் பார்ப்பாள். தன் சிறுவயதைப் பற்றிப் பேராசிரியர் ஏன் சொன்னார்? தட்டச்சு செய்த தாளை மேலிருந்து கீழ்வரை தேடுவாள். அவர் சொன்னது எல்லாமே தாளில் இருந்தது. ஏன் சொன்னார் என்பது மட்டும் இல்லை.

தேர்வு அறையில் பதிவை ஒருமுறைதான் போடுவார்கள். பென்சில் தேயத் தேய எழுதினாள். ஓர் இடத்தில் ஒரு வாக்கியம் நழுவியது. குதிகால் தானாகத் தரையை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. அது வெறும் தரை என்று காலுக்குப் புரிவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டிருந்தது.

பதினெட்டு வந்தது.

ஞாயிறு நான்கு மணிக்குத் தங்கை போன் செய்வாள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு பிள்ளைகள். வாரம் தவறினதில்லை. மார்க் என்ன என்று கேட்டாள். சொன்னாள்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியேக்கா?”

“கேளு.”

“நான் பேசறப்ப எல்லாம் டக்கு டக்குன்னு ஏதோ தட்டிக்கிட்டே இருக்கியே, அது என்ன? வருஷக்கணக்கா கேக்குது. உன் பேச்ச உங்கக்கா டைப் பண்ணி ஃபைல் போட்டு வெக்கிறாங்கன்னு இவரு கிண்டல் பண்றாரு.”

குனிந்து பார்த்தாள். போன் இடது கையில் இருந்தது. வலது கை மேசைமேல், தட்டச்சுப் பலகை இல்லாத வெறும் மரத்தில், தங்கை சொன்னதன் கடைசிச் சொல்லை அடித்து முடித்துக்கொண்டிருந்தது.

“பழக்கம்டி. ஆனா நீ சொல்றது எல்லாம் கேக்குது.”

“அப்படியா? போன வாரம் என்ன சொன்னேன், சொல்லு.”

அவளுக்கு இது சுலபம். “படி ஏறினா மூச்சு வாங்குதுன்ன. பெரியவனுக்குக் கண்ணாடி மாத்தணும்ன. அவரு வேலையா வெளியூர் போறாரு, வர எட்டு நாளாகும்ன.”

“ஒரு எழுத்து விடல. எதுக்குச் சொன்னேன்?”

மேசைமேல் இருந்த விரல்கள் நின்றுவிட்டன.

“உன்ன வரச் சொல்லித்தான். வாயத் தொறந்து வான்னு சொன்னாத்தான் வருவியா? எட்டு நாள். நீ ‘ம்’னு சொல்லிட்டு வெச்சுட்ட.”

அடுப்பில் பால் இருக்கிறது என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

அன்று அவள் எந்தப் பதிவையும் போடவில்லை. மறுநாள் மாலை நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், குதிகாலுக்குத் தரை கிடைக்காதபடி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கூடை கவிழ்த்து மூடிய கோழிபோல விரல்கள் உள்ளே கிடந்து துடித்தன. நூலக அட்டைப் பெண் ஒருமுறை பேசி முடித்தாள். எதற்காகப் பேசினாள் என்று இவள் சுவரைப் பார்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லப் பார்த்தாள். முதல் சில நாட்கள் சுவருக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் அந்தப் பெண் பேசியது அட்டையைப் பற்றியே அல்ல, அபராதத்தை எப்படியாவது தவிர்ப்பதைப் பற்றி என்று பிடிபட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து மாதமாகத் தெரிந்த பெண்.

கெடுதல் வேறு வழியில் வந்தது. அலுவலகத்திலும் காதில் விழுவது புரிய ஆரம்பித்தது. அதுவரை பல்லாயிரம் பேருடைய நோய்கள் அவள் காதில் நுழைந்து விரல் வழியே போயிருந்தன. நடுவில் இருந்தவளை ஒன்றும் தொடவில்லை. இப்போது எலும்பு டாக்டர் விழுங்குகிற சொற்கள் எல்லாம் நல்லபடியாகச் சொல்ல ஏதும் இல்லாத இடங்களில் வருகிறவை என்று தெரிந்தது. ஒரு குறிப்பில் நாற்பத்துநான்கு வயதுப் பெண், வயிற்றுவலி, மூன்றாவது முறையாக வந்திருக்கிறார், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, தனியாக வசிக்கிறார். “தனியாக” என்பதற்கு முன் டாக்டர் ஒரு கணம் நிறுத்தினார். முன்பென்றால் அது ஒரு காற்புள்ளி, அதுவும் தேவைப்பட்டால். அன்று அடுத்த வரிக்குப் போக அவளுக்கு வெகுநேரம் ஆனது.

நாளுக்கு அறுபது பக்கம் நாற்பத்தைந்தாகக் குறைந்தது. பாம்புக்கு வயசாகிவிட்டதா என்று மேற்பார்வையாளர் கேட்டார். புரிந்துகொள்வது உயர்ந்த காரியம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அது மெதுவான காரியம் என்பதையும், பாரம் கூடுகிற காரியம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்றாவது தேர்வு எழுதினாள். இதிலும் தவறினால் அடுத்த தேர்வுக்கு அவகாசம் இல்லை. பதிவில் ஒரு மாணவி பேராசிரியரிடம் கட்டுரைத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். அவர் சம்பந்தமில்லாமல் தன்னுடைய பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் ஒரு வாக்கியம் நழுவியது. குதிகால் தரையை அழுத்தியது. போனால் போகிறது என்று விட்டுவிட்டு, பயப்படாதே என்றுதான் அவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தாளில் மொத்தம் பதினோரு சொற்கள் இருந்தன.

ஒரு வாரம் கழித்து இருபத்திரண்டு வந்தது. கேட்டதற்கு ஒன்றுகூட அதிகம் இல்லை. மேற்பார்வையாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். அடுத்து யார் அந்த மேசையில் உட்காருவது என்று அன்று பகலே இருவர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. தங்கையிடம் சொன்னபோது அவள் சந்தோஷம் என்றாள்; உடனே எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள். அடுத்த வாரமே தங்கையின் ஊருக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. காய் நறுக்கினார்கள், பெரியவனைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள், படி ஏறும்போது தங்கைக்காக ஒவ்வொரு வளைவிலும் நின்றார்கள்.

பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரைக்கு அரைமணி முன்பே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கூடம் நிறைய ஆட்கள். பேராசிரியர் நேரத்துக்கு வந்தார், திரையைப் பார்த்து நின்றுகொண்டு ஐம்பது நிமிடம் பேசினார். நல்ல பேச்சு. எதற்காகப் பேசுகிறார் என்பது இரண்டாவது நிமிடத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை திரும்பினார். அதுவும் கடிகாரத்தைப் பார்க்க. பேச்சு முடிந்ததும் கதவு வழியாகப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முந்நூறு முகங்களில் எதைப் பார்ப்பார்?

வரிசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டு இருக்கை தள்ளி இருந்த தாடிக்காரர் ஒருவர், இவள் வயதுதான் இருக்கும், குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு இவள் பக்கம் திரும்பினார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், கடைசியில் பேராசிரியர் சொன்னது தனக்குப் பிடிபடவில்லை, என்ன சொன்னார் என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பேராசிரியரின் சொற்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. தன் சொற்களைத் தேடித் தேடி, பாதியில் நிறுத்தி, வேறு விதமாகத் தொடங்கிச் சொன்னாள். அந்த மனிதர் குறிப்பேட்டை மூடிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை; அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

அப்படியா என்றார். நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். பெயர் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.