பட்டியலில் போட்ட ஒரு பெயர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம். மெர்கோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்தது. அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தேன். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே முதல் நாவலையும் எழுதி முடித்துவிட்டேன். தொழிற்சாலை பஸ்ஸில் போய்வரும் பெண்களின் கதை. முந்நூறு பிரதிக்குக் குறைவாக அடிக்க முடியாது, முன்பணமும் வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். சரி, வாசகர்களையே கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். இப்போதே ஒரு பிரதிக்குப் பணம் கட்டினால் புத்தகம் வந்ததும் வீட்டுக்கே கொண்டு வந்து தருவேன், கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரும் வரும். இதுதான் என் அறிவிப்பு.

முதல் அத்தியாயத்தைத் தாமான் வாட்சப் குழுவில் போட்டேன். ஒரு வாரத்தில் நாலு பேர் கட்டினார்கள். அதில் ஒருவர் என் அப்பா.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாதா கோயில் திருநாளாகட்டும், மாரியம்மன் கோயில் திருவிழாவாகட்டும், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொன்னால் அடுத்தவர் கை தானாகப் பைக்குள் போகும் இல்லையா? நானும் அதையே செய்தேன். பணம் வந்த அடுத்த நிமிடம் குழுவில் பெயர், எத்தனை பிரதி, கூடவே ஒரு கும்பிடு. நன்றாக வேலை செய்தது. ஒரு கடைக்காரர் தன் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டால் நாற்பது பிரதி எடுப்பதாகச் சொன்னார். என் கால் தரையில் படவே இல்லை.

மூன்றாவது வரிசை வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து மூன்று பிரதிக்குப் பணம் வந்தது. உடனே பெயரைப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதே தாமானில் இருக்கும் அவருடைய நாத்தனார் குழுவில் எழுதினார்:

“தாய்மாமன் சீருக்குத்தான் கை கடிக்கும். கதை புக்குக்கு கடிக்காது போல லா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏதோ குடும்பக் கிண்டல் என்று நினைத்து, வயிறு குலுங்கச் சிரிக்கும் முகம் ஒன்றை அதற்குக் கீழே போட்டேன். பின்னாடியே இன்னும் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள்.

அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. முந்தின மாதம் அந்த நாத்தனாரின் மகளுக்குச் சடங்கு நடந்திருக்கிறது. தாய்மாமன் அந்த அக்காவின் கணவர். லாரி வேலை சரியாக இல்லை, கையில் இல்லை என்று சொல்லித் தட்டைக் குறைத்துத்தான் சீர் கொண்டு போயிருக்கிறார்கள். சபையில் அதற்கே முகம் சுளித்திருக்கிறார்கள். இப்போது அதே வீட்டிலிருந்து மூன்று புத்தகம் என்று நான் ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டேன்.

பதிவை அழித்தேன். அழித்து என்ன பயன், எல்லாரும் பார்த்தாயிற்று. சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். அக்கா யூனிஃபார்மோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். நின்றார். மன்னிப்புக் கேட்டேன். பெயர் தவறுதலாக வந்துவிட்டது, அக்கா பணமே கட்டவில்லை என்று குழுவில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

“பொய் எழுதாத. நான் கட்டுனதுதானே” என்றார்.

அப்புறம் நடந்துகொண்டே சொன்னார். அந்தப் பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் செய்து வந்தது. என் முதல் அத்தியாயத்தைப் பஸ்ஸில் படித்திருக்கிறார். பக்கத்து சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். மூன்று பிரதி அந்த மூன்று பேருக்கு.

“கல்யாணம் ஆனதிலேருந்து வீட்டுல கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்யுறேன் தங்கச்சி. கேக்காம செஞ்சது இது ஒன்னுதான். அதையும் நீ போர்டுல எழுதிட்ட.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டு கேட் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் கணவரின் குரல் கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் அங்கே நிற்கவில்லை.

அன்றே குழுவில் எழுதினேன். அந்தச் சிரிப்பு நான் போட்டிருக்கக் கூடாதது, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இனி யார் பெயரும் இங்கேயும் வராது, புத்தகத்திலும் வராது என்று. கடைக்காரர் நாற்பது பிரதியையும் வேண்டாம் என்றார். இன்னும் சிலர் ஒதுங்கினார்கள். வந்திருக்க வேண்டிய புத்தகம் ஐந்து மாதம் தள்ளிப் போனது. பெண்டாங், தஞ்சோங் டாவாய் என்று ஊர் ஊராக அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் மிச்சத்தைச் சேர்த்தேன். கதையைச் சொல்லிப் பணம் கேட்டேன், அவ்வளவுதான்.

மூன்று பிரதியையும் அக்கா பஸ் ஏறும் இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கும் பஸ்ஸிலிருந்து குரல் பதிவு அனுப்புவார், பதினோராம் அத்தியாயத்தில் அந்தப் பெண் ஏன் வேலையை விட்டாள் என்று சண்டை போடுவார். ஆனால் அந்த வருடத் தீபாவளிக்கு நாத்தனார் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இந்த வருடமும் இல்லை. “வருவா, எங்க போகப் போறா” என்கிறார் அக்கா. அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை.

இப்போது இரண்டாவது நாவலுக்கு மறுபடி வாசகர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது. பணம் வந்துவிட்டது என்று போன் சத்தம் கொடுக்கும்போதெல்லாம், இவர் இதை வீட்டில் யாரிடம் சொல்லாமல் அனுப்பினாரோ என்று ஒரு நொடி நின்றுவிடுகிறேன். எழுதி வைத்த பக்கம் அந்தப் பணத்துக்குத் தகுமா என்று இன்னொரு முறை திருத்த உட்காருவதும் அந்த நொடியில்தான்.