எலியை எண்ணினவளோட கையெழுத்து

என் தங்கச்சி பதினேழு வருஷமா எலிக்கு வலிப்பு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுறவ. சிரிக்காதீங்க, சம்பளம் குடுக்குறாங்க. மருந்து ஆராய்ச்சிக்கூடத்துல காலையில போய் உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கிட்டு நோட்டுல குறிக்கணும். கண்ணு சிவந்து வீட்டுக்கு வருவா.

அங்க பெரிய விஞ்ஞானிக்கு இவங்க வெச்ச பேரு கடுகு. ஆளு சின்னது, வாயைத் திறந்தா வெடிக்கும். குழந்தைங்க வலிப்புக்கு மருந்து கண்டுபிடிக்கிற மனுஷன், கூட வேலை செய்றவங்களை மட்டும் மனுஷங்களா நினைச்சதில்ல. என் தங்கச்சியை நாலு பேர் முன்னாடி, "உனக்கு அந்த எலி தேவலை"ன்னு சொல்லியிருக்கார். அந்த வாய்க்கு நான் நாலு குடுத்திருக்கணும், குடுக்கல.

யாரையும் நம்ப மாட்டார். மருந்துக்குப்பி, வெறும் தண்ணிக்குப்பி ரெண்டுலயும் எண் மட்டும்தான் இருக்கும். எது எதுன்னு எழுதின தாள் வேற ஒரு ஆஃபீஸ்ல பூட்டி இருக்கும். "நீங்க எனக்கு நல்ல பேர் வாங்கப் பொய்யா எழுதுவீங்க, விட்டா நானே எழுதுவேன்"னு சொல்வாராம். "அந்தச் சந்தேக புத்தியாலதான்க்கா எங்க நோட்டு சுத்தமா இருக்கு"ன்னு இவ சொல்வா.

இவளோட பதினோரு வருஷம் ஒரே மேஜையில இருந்தவ பூனைக்கண்ணி. கண்ணு பச்சை, அதனால அந்தப் பேர். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல்னு பத்து நிமிஷம் லேட்டா போயிருக்கா. கடுகு நோட்டை அவ முகத்துல தூக்கி எறிஞ்சார், உதடு கிழிஞ்சது. பூனைக்கண்ணியும் திருப்பிக் கேட்டா. அன்னைக்கே அவ வேலை போச்சு.

பூனைக்கண்ணி புகார் எழுதினா. அடிச்சதை மட்டும் எழுதினா வருஷக்கணக்கா இழுப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதனால, வலிப்புக் கணக்கை மாத்தி எழுதச் சொன்னார்னும் சேர்த்துட்டா. அது பொய். சாட்சிக்கு என் தங்கச்சி பேரைப் போட்டுட்டு, எங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தா.

"ஆமான்னு மட்டும் சொல்லு. அந்த ஆள் போயிடுவார், எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

நானும் சொன்னேன். "சொல்லிட்டுத்தான் வாயேன்டி. அவர் என்ன யோக்கியனா?"

"யோக்கியன் இல்லக்கா. ஆனா எண்ணினது நான். முதல் சுத்துக்குப் பூட்டின தாளைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, அந்த மருந்துக்கு வலிப்பு குறையுது. அதை எப்படிப் பொய்ன்னு சொல்வேன்?"

விசாரணையில ரெண்டையும் சொல்லியிருக்கா. "நோட்டுல இருக்குற கணக்கு சரி. அவ உதடு கிழிஞ்சதையும் என் கண்ணால பார்த்தேன்"னு.

அதிகாரி தட்டச்சு பண்ணிக் குடுத்த தாள்ல ரெண்டே வரி. 'ஆய்வு முடிவுகளில் குறை இல்லை. இவ்வளவு நேர்மையாக உழைப்பவர் மீது கூறப்படும் மற்றப் புகாரும் நம்பத்தக்கதல்ல.'

இவங்க வேலையில தப்பா எழுதினதை அழிக்கிற பழக்கம் இல்ல. ஒரே கோடு இழுத்து முதலெழுத்துப் போடுவாங்க. அதே மாதிரி ரெண்டாவது வரியில கோடு இழுக்கப் போயிருக்கா. அதிகாரி தாளைப் பிடுங்கிட்டார்.

"அது நான் சொல்லல சார்."

"எல்லாம் ஒரே தாள்மா. கையெழுத்து இல்லன்னா உங்க சாட்சியே கிடையாது. கணக்கு பொய்ன்னு மருந்து ஆராய்ச்சியையே நிறுத்திடுவோம்."

போட்டுட்டா. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

நாலாம் நாள் பூனைக்கண்ணி அந்தத் தாளோட நகலை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ளே வரல.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"என் வாயில ரத்தம் வந்ததைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

அவ போயிட்டா. அதுக்கப்புறம் ஃபோனும் எடுக்கல.

மறுநாள் காலையில தங்கச்சி சாப்பாட்டுப் பையை எடுத்தா. "வேலையை விட்டுத் தொலைடி"ன்னு கத்தினேன்.

"நான் விட்டுட்டா வேற ஆள் எண்ணுவாங்க. நடுவுல ஆள் மாறினா இந்தச் சுத்துல இதுவரைக்கும் எண்ணினது செல்லாதுக்கா. இன்னும் ரெண்டு வருஷம்"னு சொல்லிட்டு, அந்த ஆளுகிட்டயே போனா.