வாசல் விளக்கை எரியவிட்டுக் கப்பலேறியது

நண்டு வாங்கி வைத்துவிட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வருடக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகனும் அண்ணன் மகளும் குடும்பத்தோடு புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுக்கு வந்து தங்குவதாகப் பேச்சு. கோல சிலாங்கூர் படகுத்துறைக்குப் போய், உயிரோடு கிடந்த நண்டுகளைப் பொறுக்கியெடுத்து வாங்கி வந்தேன். மெத்தை உறைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன். மாலையில் ஷா ஆலமிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான்.

"அத்த, பாலிக்கு டிக்கெட் மலிவா கெடச்சிருச்சி. சிங்கப்பூர்லேருந்து தங்கச்சி ஃபேமிலியும் வர்றாங்க. அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம் லா."

"சரிப்பா, பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன். நீங்களும் வாங்க அத்தை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி இறந்தபோது பிள்ளைகள் இரண்டும் சின்னது. அண்ணனுக்குத் தோட்டத்தில் வேலை, எனக்குப் பக்கத்து எண்ணெய் ஆலையில் லோரிகளை எடைபோடும் வேலை. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்கவைத்து ஆளாக்கியது நான்தான். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியது கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்த நண்டுகளைப் பார்த்தபோது சொல்லிக்காட்ட வேண்டும்போல் இருந்தது.

பாதி நண்டை மசாலாவில் பெரட்டி எதிர்வீட்டு அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா வேதக்கார அம்மா. அவரும் அதே தோட்டத்து ஆள்தான், வேறு டிவிஷன். விடிந்ததும் போனில் ஞானப்பாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துவிடுவார். அதைத் தவிர எனக்கும் அவருக்கும் பெரிய பழக்கமில்லை. சாப்பிட்டாச்சா, மழை வருமா, அவ்வளவுதான்.

"என்ன தங்கச்சி, புள்ளைங்க வரலையா?" என்றார் பாத்திரத்தைத் திறந்து பார்த்து.

"வேலையாம்க்கா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பிவிட்டேன்.

தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு இரண்டு வேலை. முதலில் வாசல் விளக்கை அணைப்பேன். பிறகு போனை எடுத்து, ரோஜாப்பூவோ சூரியகாந்தியோ போட்ட 'காலை வணக்கம்' படம் ஒன்றைக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவேன். யாராவது ஒருவர் கைகூப்புகிற படத்தைத் தட்டிவிடுவார்கள். சில நாள் அதுவும் இருக்காது. பார்த்துவிட்டார்கள் என்பதற்கு இரண்டு நீலக்கோடு வரும். எனக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் மின்சாரக் கட்டணம் கட்ட டவுனுக்குப் போனபோது, பயணச்சீட்டு விற்கும் கடைக் கண்ணாடியில் ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு போய், திரும்பி வருவது. ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. விற்காத அறைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே இருந்த சீனப் பெண் ஒளிக்காமல் சொன்னாள்.

"கப்பால் துவா சிக்கிட், ஆண்ட்டி. தாப்பி பெர்சே."

கொஞ்சம் பழைய கப்பல், ஆனால் சுத்தமாக இருக்கும் என்றாள். நானும் கொஞ்சம் பழசுதான், ஆனால் சுத்தமாக இருப்பேன் என்று மலாயில் சொன்னேன். அவள் சிரித்தாள். ஒரே ஆள் போனாலும் இரண்டு பேருக்கான அறையைத்தான் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். சிங்கப்பூர் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. அடிக்கடி கூப்பிடுவார்கள் என்று எடுத்தது.

யாரிடமும் சொல்வதில்லை என்று அந்தக் கடை வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன். காலை வணக்கமும் அனுப்புவதில்லை. அத்தை எங்கே என்று ஒருவராவது கேட்கிறார்களா பார்ப்போம். நான் கப்பலேறியது கடல் பார்க்க இல்லை, இதைப் பார்க்கத்தான். எதிர்வீட்டு அக்காவிடமும் மூச்சு விடவில்லை. அவர் மகனும் என் அண்ணன் மகனும் ஒன்றாகப் படித்தவர்கள். சொன்னால் செய்தி பாலிக்கே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வேதக்கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வாடகைக்காரை வரவழைத்தேன். பூட்டும்போது, சிங்கப்பூரில் அண்ணன் மகள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. வெளியூர் போனால் விளக்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம், ஆள் இருப்பதாகத் திருடன் நினைத்துக்கொள்வானாம். வாசல் விளக்கைப் போட்டேன். நல்ல வெயிலில் அது எரிவதே தெரியவில்லை.

கப்பல் வெளியிலிருந்து பார்க்க வெள்ளைவெளேரென்று இருந்தது. கிட்டே போனால் பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து, ஆணித் தலைகளெல்லாம் மழுங்கிப்போயிருந்தன. உள்ளே தரைவிரிப்பில் ஈரவாடை. லிஃப்டுச் சுவரில் சிகரெட் அணைக்கிற பித்தளைக் குப்பி இன்னும் இருந்தது, வாயை மட்டும் அடைத்திருந்தார்கள். என் அறை கீழ்த்தட்டில். சிவப்புத் திரை ஒன்று அழகாகத் தொங்கியது. கடலைப் பார்க்கலாம் என்று ஆசையாக விலக்கினேன். வெறும் சுவர். ஜன்னல் இல்லாத சுவருக்குத் திரை போட்டிருக்கிறார்கள். தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலிலும் அவருக்கு ஜன்னல் கிடைத்திருக்காது. ஆனால் அவரை யாரும் திரை போட்டு ஏமாற்றியிருக்க மாட்டார்கள்.

இரண்டு கட்டில். அறையைச் சுத்தம் செய்கிற இந்தோனேசியப் பையன், துண்டை மடித்து யானை செய்து இரண்டு கட்டிலிலும் வைத்திருந்தான். இரண்டு தலையணையிலும் ஒவ்வொரு சாக்லேட். இன்னொருவர் எப்போது வருவார் என்று மரியாதையாகக் கேட்டான். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாபோக் லாவுட்" என்றேன். கடல் மயக்கமாம், மேல்தட்டில் காற்று வாங்குகிறாராம். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய். அவன் முகம் வாடிவிட்டது. சற்று நேரத்தில் மூடிபோட்ட கிண்ணத்தில் கஞ்சியும் இஞ்சித் தேநீரும் கொண்டுவந்து, அவருக்குக் கொடுங்கள் என்றான். அவன் போனபிறகு நானே குடித்தேன். நல்ல கஞ்சி. குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சி காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது இல்லை.

பினாங்குக்குப் போக ஒரு ராத்திரி போதும். ஆனால் காசு கொடுத்தவர்களுக்குக் கடல் காட்ட வேண்டுமல்லவா, திங்கள் முழுக்கக் கப்பல் சும்மா சுற்றியது. காலையில் நாலு விதமாக முட்டை. மேல்தட்டில் சீன அம்மாக்கள் வரிசையாக நின்று ஆடினார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தது. "ஆண்ட்டி தனியாவா வந்தீங்க?" என்று அந்த வீட்டு மருமகள் கேட்டாள். "ஜாலியா இருக்கும்ல, தொந்தரவு இல்லாம" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். பாவம், கையில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. அவளுக்கு அது ஆசையாகத்தான் இருக்கும்.

கடலில் போனுக்கு லைன் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்நேரம் குழுவில் என்ன எழுதியிருப்பார்கள் என்று நானே எழுதிப் பார்த்தேன். அத்தை எங்கே? அத்தை போன் எடுக்கவில்லையே? நீ கடைசியாக எப்போது பேசினாய்? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதாகக்கூட நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று என் நெஞ்சே அடித்துக்கொண்டது. இந்தக் கூத்துக்கு ஒரு கப்பலா என்று தோன்றியது.

செவ்வாய் காலை பினாங்குக் கரை தெரிந்ததும் போன் உயிர்பெற்றுக் கையில் துடித்தது. எல்லாரும் படம் எடுக்க ஒரு பக்கம் ஓட, நான் மறுபக்கம் போய் நின்று குடும்பக் குழுவைத் திறந்தேன். நிறைய வந்திருந்தது. நீச்சல்குளம், குரங்கு, வறுத்த மீன், பேரப்பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு. மேலே தள்ளித்தள்ளிப் பார்த்தேன். அத்தை என்ற வார்த்தையே இல்லை. தனியாக மட்டும் அண்ணன் மகன் ஒரு வரி அனுப்பியிருந்தான். எதிர்வீட்டு ஆண்ட்டி தேடுகிறார்களாம், முடிந்தால் நான் அவரைக் கூப்பிட வேண்டுமாம். பக்கத்தில் கட்டைவிரல் படம்.

படித்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத எண் ஒன்று அழைத்தது.

"உயிரோட இருக்கியா?" எதிர்வீட்டு அக்காதான்.

"இருக்கேன்க்கா."

"எங்கடி இருக்க?" அதுவரை என்னை டி போட்டுப் பேசியதில்லை. கப்பலில் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம்.

"லைட்டு எரியுதுடி! நேத்து விடிஞ்சும் லைட்டு எரியுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் எல்லாரும் தோட்டத்து ஆட்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தபோது, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணுகிற நேரத்தில் ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டார் போய்த் தட்டுவார்கள். தோட்டத்தை விற்று எங்களை இந்த வரிசை வீடுகளுக்கு மாற்றியபிறகு பெரட்டு இல்லை, தடித்த கதவு, இரும்புக் கிரில். அதனால் விளக்கைப் பார்க்கிற பழக்கம் வந்தது. விளக்கு அணைந்தால் ஆள் எழுந்தாயிற்று. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானே மூலைவீட்டுத் தாத்தாவின் விளக்கைத் தினமும் பார்ப்பேன். திருடனுக்காகப் போட்டுவிட்டு வந்த விளக்கு, தெருவுக்கு நான் செத்துக்கிடப்பதாகச் சொல்லியிருக்கிறது.

அக்கா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். தன் மகனிடம் எண் வாங்கி என் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, அவனிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்; என் போன் போகவில்லை.

"அவன் என்ன சொன்னான்க்கா?"

"அத விடு தங்கச்சி" என்றார். நான் மறுபடியும் கேட்டேன்.

"அத்த வீட்லதான் இருப்பாங்க ஆண்ட்டி, இன்னைக்குக் காலையிலகூட குட்மார்னிங் போட்டாங்களேன்னு சொன்னான்."

நான் போடவில்லை. அவன் பொய் சொல்கிற பிள்ளையும் இல்லை. தினமும் வருவதால் அன்றைக்கும் வந்ததாகவே அவன் நம்பியிருக்கிறான். கேட்பார்களா மாட்டார்களா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் இல்லாதபோதும் இருப்பதாகவே அவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் இல்லாதது தெரிந்தும் கேட்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? அவன் சொல்றத நம்புறதா, லைட்ட நம்புறதா? நான் லைட்டத்தான் நம்புனேன். எங்க வீட்டுக்காரர விட்டு பூட்ட அறுத்து உள்ள போனோம். பாத்ரூம் கதவத் தொறக்கறதுக்குள்ள எனக்கு உசுரே இல்ல. கட்டில்ல ஆளக் காணோம். துவைச்ச உறையெல்லாம் மடிச்சு வச்சிருக்க. அதப் பாத்து, ஏதும் பண்ணிக்கிட்டியோன்னு இன்னும் பயந்துட்டேன்."

பினாங்கில் நான் இறங்கவில்லை. அறைக்குப் போய்த் திரையை விலக்கி, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் வந்து, அவருக்கு இப்போது பரவாயில்லையா என்று கேட்டான். பரவாயில்லை என்றேன்.

புதன்கிழமை பகலில் வீடு வந்து சேர்ந்தேன். விளக்கு அணைந்திருந்தது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கிரிலில் புதுப்பூட்டு. "ராத்திரி நானே போட்டேன், காலையில நானே அணைச்சேன்" என்றார், திட்டுகிற குரலிலேயே. சாவியை என் கையில் வைத்தார். "இன்னொன்னு என்கிட்டதான் இருக்கும், கேக்காத." நான் கேட்கவில்லை. பையைத் திறந்து, இரண்டாவது தலையணையில் தினமும் வைத்த சாக்லேட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். கப்பலில் அதைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை.

இரவு அண்ணன் மகன் கூப்பிட்டுச் சிரித்தான். "என்ன அத்த, சொல்லாம கொள்ளாம கப்பல்ல சுத்துறீங்க! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே." நானும் சிரித்தேன். நண்டு நல்லா இருந்ததா என்று அவன் கேட்கவில்லை. நண்டு வாங்கியது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் எழுந்ததும் போனை எடுத்தேன். ரோஜாப்பூ படத்தைத் தேடிப் பிடித்து, அனுப்பாமல் வைத்துவிட்டேன். பிறகு வாசல் கதவுக்கு உட்புறம் போய் விளக்குச் சுவிட்சில் கைவைத்துக்கொண்டு, அணைக்காமல் இருட்டுக்குள் நின்றேன். நன்றாக விடிந்துவிட்டது. இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. போனில் ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டில் ஞானப்பாட்டு நின்றது. செருப்புச் சத்தம், கேட் திறக்கிற சத்தம்.

"தங்கச்சி! எழுந்தாச்சா?"

"எழுந்தாச்சுக்கா" என்று சொல்லி, விளக்கை அணைத்தேன்.