ஊஞ்சலுக்கு முதுகு காட்டிய பெஞ்ச்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பூங்காவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல் ஒரு பக்கம் இருக்க, பெரியவர்கள் உட்காரும் பெஞ்சை ஏன் மறுபக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்? கொத்தனார் தப்பாகக் கட்டிவிட்டார் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்லப் போனால் என் திருட்டுத்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

நேற்று மாலை அந்தப் பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாம்பரத்தில் கல்லூரி முடிந்து ஆறரைக்கெல்லாம் வந்துவிடும் மகள் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. ரயில் தாமதமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னால் ஊஞ்சலில் ஒரு சின்னப் பெண், “ஆன்ட்டி, இங்க பாருங்க, ஆன்ட்டி!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. கடைசியில் மகள் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி நடந்து வந்தாள். பரனூர் தாண்டி ரயில் நின்றுவிட்டதாம். போனில் சார்ஜ் இல்லையாம். “இன்னாம்மா நீ, இதுக்குப் போயி அழுவியா?” என்று மிச்சப் பழத்தை என்னிடம் நீட்டினாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான், அந்தப் பெஞ்சைப் பற்றி முப்பத்தைந்து வருடமாக நான் நினைத்திருந்தது தவறு என்று புரிந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செங்கல்பட்டில் ரயில் பாதைக்கும் கொளவாய் ஏரிக்கும் நடுவே எங்கள் தெரு. ஸ்டேஷனிலிருந்து ஏரி ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து வரும். அது முடிகிற இடத்தில் ஒரு காலி மனை. யாருடைய மனை என்று யாருக்கும் தெரியாது. குப்பையும் பன்றிகளும் ஆண்டு அனுபவித்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டினால் எங்கள் வீடு.

அக்கா தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஏழேகால் ரயிலில் இறங்குவாள். அரிசி ஆலைக்குப் போகும் அப்பா ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதனால் தினமும் ஏழு மணிக்கு அம்மா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பாதை முனைக்குப் போய் நிற்பாள். காற்று வாங்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை அந்தப் பாதையில் எவனோ கையைப் பிடித்து இழுத்திருந்தான். அவள் வேலையை விட்டுவிட்டாள். அக்காவையும் நிறுத்திவிடலாம் என்றார் அப்பா. கூடாது என்றாள் அம்மா. இந்தப் பேச்செல்லாம் நான் உள்ளே நுழைந்ததும் நின்று, குழம்பில் உப்பு போதுமா என்று மாறிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் டிரஸ்ட்டுக்காரர்கள் வந்தார்கள். தெருக்களைச் சீராக்கப் பாடுபடும் தொண்டு நிறுவனம் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மொபெட்டில் ஒரு அக்கா துணிப்பையோடு வந்து வீடு வீடாக விசாரிக்கிறாள் என்பதுதான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருப்பதாக நினைத்து முதல் வாரம் முழுக்க ஆண்கள் டீக்கடைப் பின்பக்கம் ஒளிந்தார்கள்.

இரண்டாம் வாரம் அந்த அக்கா தெரு நடுவில் உட்கார்ந்து கோலமாவால் எங்கள் தெருவையே வரையச் சொன்னாள். பெண்கள் வரைந்தார்கள். ரயில் பாதை, ஏரி, எந்த வீடு யாருடையது, தண்ணீர் எங்கே தேங்கும், எந்த இடத்தில் நடக்கப் பயம், எல்லாம் வந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டபோது நான்கு யோசனை தேறியது. தண்ணீர்க் குழாய். பாதையில் ஒரு விளக்கு. காலி மனையைத் திருத்தி ஊஞ்சல். ஆண்கள் சார்பில், தெரு முகப்பில் ஒரு சிமெண்டு வளைவு. “வளைவு இல்லாத தெருவை எவன் மதிப்பான்?” என்றார் அப்பா.

நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு கொட்டாங்கச்சி, வீட்டுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது முதலில் வேண்டுமோ அதில் போட வேண்டும். அம்மா ஐந்தையும் விளக்கில் போட்டாள். எனக்கு வேண்டியது ஊஞ்சல். அதுவரை நான் ஊஞ்சலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் வீட்டுக்கு ஓடினேன். வீட்டிலிருந்த தேய்க்காத கொட்டையை எல்லாம் ஓட்டுக்காக அம்மா ஏற்கெனவே அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். இருந்தது என் தகர டப்பாதான். அதில் தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்த கொட்டைகள். பள்ளியில் ஆறு கொட்டைக்கு ஒரு இலந்தவடை கிடைக்கும். அதனால் நிறையவே தேய்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டை எடுத்து வந்து ஊஞ்சல் கொட்டாங்கச்சியில், கறுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாக, வெகு கவனமாக அடுக்கினேன். எண்ணுவதற்குக் கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கவிழ்த்தார்கள். பன்னிரண்டும் துணியில் வெள்ளைக் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தன.

சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்த்த என் தாய்மாமாதான் முதலில் பார்த்தார். “அட, இன்னாக்கா இது! ஊஞ்சலுக்குத் தாயம் வுழுந்துகினு கீது!” என்றார். தெருவே சிரித்தது. வெள்ளைக் கொட்டை நீங்கலாக எண்ணினால் விளக்கு நான்கு கொட்டை முன்னால் இருந்தது. சேர்த்து எண்ணினால் ஊஞ்சல். கள்ள ஓட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்று வளைவுக் கட்சி எழுந்தது. தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் தேய்த்த கொட்டை உண்டு. யார் வேலை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மாமா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

டிரஸ்ட் அக்கா சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொட்டை கொடுக்காதது தன் தப்புதான் என்றாள். இவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெண்களைக் கேட்டாள். அம்மாதான் பேசினாள்.

“சேத்து எண்ணும்மா. புள்ளைங்களும் இந்தத் தெருவுலதான கீது.”

“இன்னாக்கா, அப்ப லைட்டு?” என்றார் மாமா.

“போவட்டும்டா. மனையில முள்ள வெட்டிட்டா நம்ம தெரு லைட்டே பாதை முனை வரிக்கும் வரும். ஆளுங்க வந்து குந்தட்டும் மொதல்ல.”

என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு முதல் வேலை நடந்தது. முதல் நாள் வந்தவர்கள் ஆறு பேர், எல்லோரும் பெண்கள். இரண்டாம் ஞாயிறு கூச்சப்பட்டுக்கொண்டு ஆண்களும் வந்தார்கள். பன்றிகளை விரட்டும் பொறுப்பை மாமா ஏற்றார். உண்மையில் பன்றிகள்தான் அவரை விரட்டின. நகராட்சி லாரியை டிரஸ்ட் அக்கா எப்படியோ பிடித்துவந்தாள். லாரி டயரில் ஊஞ்சல் கட்டினார்கள். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய கருங்கல் பலகை பெஞ்சுக்காக வந்து இறங்கியது. அதன் ஓரத்தில் யாரோ செதுக்கத் தொடங்கி விட்டுவிட்ட நாலு கால்விரல்கள் இன்றும் இருக்கின்றன.

கொத்தனார் பலகையை வைத்து, சாய்ந்துகொள்ள முதுகுச்சுவரும் எழுப்பத் தொடங்கிவிட்டார். இரண்டு வரிசைச் செங்கல் ஏறியதும் அம்மா போய் நின்றாள். சுவர் இந்தப் பக்கம் கூடாது, அந்தப் பக்கம் வர வேண்டும் என்றாள்.

“இன்னாம்மா பேஜாரு பண்ற? ஊஞ்சலுக்கு முதுக காட்டிகினு எவனாச்சும் பெஞ்ச் கட்டுவானா?”

“நீ கட்டு. நான்தான குந்தப் போறேன்.”

அவர் திட்டிக்கொண்டே இடித்தார். திட்டிக்கொண்டே கட்டினார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். இது எனக்கான தண்டனை. அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, டப்பாவைப் பிடுங்கவில்லை. அதற்குப் பதிலாக, திருட்டு ஓட்டில் வந்த ஊஞ்சலில் நான் ஆடுவதைப் பார்க்கவே மாட்டேன் என்று செங்கல் வைத்துக் கட்டிவிட்டாள். அந்த வயதில் எனக்கு அது நியாயமாகவும் பட்டது.

தெரு மாறியது. முள் போனதும் வெளிச்சம் அம்மா சொன்னபடி பாதை முனை வரை வந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சுக்குப் பக்கத்தில் கடையை நகர்த்தினார். சாயங்காலத்தில் ஸ்டேஷனிலிருந்து அந்த வழியாக நடக்கிறவர்கள் கூடினார்கள். அக்கா வேலையை விடவில்லை. அடுத்த வருடம் பாதைக்கும் விளக்கு வந்தது. வளைவு மட்டும் இன்றுவரை வரவில்லை. அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த விளக்கு வரும்வரை ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு அம்மா மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் பாதையைப் பார்த்தபடி பெஞ்சில் உட்காருவாள். நான் பின்னால் ஆடுவேன். “அம்மா, பாரும்மா!” என்று கூப்பிடுவேன். “ம், ஆடு” என்பாள், முதுகு அசையாது. ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது அம்மாவின் தலைக்கு மேலே, முள்ளுக்கும் மேலே எனக்குப் பார்வை எட்டும். தூரத்தில் அக்காவின் பேனா டார்ச் ஆடி ஆடி வருவது முதலில் என் கண்ணில்தான் படும். “அக்கா வர்றா!” என்று கத்துவேன்.

அப்போதுதான், நாளில் அந்த ஒரு தடவைதான், அம்மா திரும்பி என்னைப் பார்ப்பாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். நான் எட்டிய உயரத்துக்குக் கிடைத்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் பலமாகக் காலை உதைத்து எழும்புவேன்.