கேசட்டில் மிஞ்சிய குரல்

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமியார் கமருன்னிஸாவுக்கு ஏழு வருடமாகக் கஞ்சி ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தவள் கூத்தாநல்லூர் சைத்தூன் பீவி. புருஷன் மீரா உசேன் துபாயில். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மூன்று தடவை லீவில் வந்திருக்கிறான். பிள்ளை இல்லை. “மருமகள்னா இவதான்” என்று ஊர் மெச்சியது. மெச்சுவதற்கு ஊருக்கு என்ன செலவு?

தொண்ணூற்றைந்தில் கடிதம் எழுதச் சோம்பியவர்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த அப்துல் மஜீது, மீரா உசேன் பேசியது என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சைத்தூன் மாமியாரின் கட்டிலருகே டேப்ரெக்கார்டரை வைத்துப் போட்டாள். அவன் நலம் விசாரித்தான், வெயிலைத் திட்டினான், ஸலாம் சொல்லி முடித்தான். சைத்தூன் அணைக்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று அவளுக்கு ஆசை.

பேசியது ஒரு பெண்.

“மச்சான், நம்ம புள்ள நடக்க ஆரம்பிச்சுட்டான். முத்துப்பேட்டைக்கு எப்ப வருவீங்க? மாமி குடுத்துவிட்ட சங்கிலிய அவன் கழுத்துல போட்டிருக்கேன்.”

அவள் துபாய்க்கு அனுப்பிய கேசட்டின் மேலேயே அந்த மடையன் பேசி இங்கே அனுப்பியிருக்கிறான். அவன் பேச்சு முடிந்த இடத்தில் அவள் பேச்சு அழியாமல் இருந்தது.

சைத்தூன் திரும்பிப் பார்த்தாள். கிழவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இன்னொரு கல்யாணத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு, அது சைத்தூனுக்கும் தெரியும். ஆனால் கிழவி இவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே அங்கே சங்கிலி அனுப்பியிருக்கிறாளே! ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டுச் சண்டை போட்டிருந்தால் கிழவிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காததுதான் பயமுறுத்தியது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து கொல்லையில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் கஞ்சியைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

காரணம் புரிந்தபோது சைத்தூனுக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனித்தது. அன்று சாயங்காலம் கஞ்சியை வைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டாள், அந்தப் பெண் பேசும் இடத்தை மட்டும். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. கிழவி கஞ்சிக்கு வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்த தண்ணீர் மட்டுமே உள்ளே இறங்கியது.

நான்காம் நாள் கிழவிக்குப் பேசவே தெம்பில்லை. “சைத்தூனு... நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டும்மா. குடிக்கிறேன்.”

அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. ஏழு வருடம் ஊட்டிய கையைப் பார்த்துக் கேட்டுவிட்டாளே! ஏமாற்றியதைக்கூடச் சைத்தூன் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை. மூன்று நாளாக அந்தப் பயத்தை ஊதிப் பெருக்கியது தான்தான் என்பதும் நெஞ்சை அறுத்தது.

ஒரு வாய் குடித்தாள். மீதியை ஊட்டினாள். கிழவி அவக் அவக்கென்று விழுங்கினாள். சைத்தூன் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

“மாமி, மஜீதுகிட்ட விலாசம் கேட்டு முத்துப்பேட்டைக்கு ஆள் அனுப்பியிருக்கேன். நாளைக்கு உங்க மருமக பேரனோட வந்துருவா. நான் எங்க அத்தா வீட்டுக்குப் போறேன்.”

கிழவி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “போவாதம்மா. அவ யாரோ எவரோ. அவ குடுக்குறத நம்பி எப்படிக் குடிப்பேன்?”

சைத்தூன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“அவளையும் ஒரு வாய் குடிச்சுக் காட்டச் சொல்லுங்க, மாமி.”