ஈச்சிலம்பற்றுக்காரி

சந்தைக்குப் போனால் பூமயில் வாய் திறக்கக்கூடாது. இது மாமி இரத்தினேஸ்வரி போட்ட சட்டம். வயர்க்கூடைகளைப் பின்னுகிறவள் பூமயில்; மேசைக்கு முன்னால் நின்று விற்கிறவர் மாமி. மேசையும் மாமியின் பெயரில்தான் பதிந்திருந்தது. யாராவது "இதை ஆர் பின்னினது?" என்று கேட்டால், மாமி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். அந்தக் கைகளுக்கு ஒரு சட்டைப் பொத்தான் தைக்கவும் வராது.

பூமயில் ராமநாதபுரத்துக்காரி. அவள் கணவன் ரிஷிகேசனின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டில் திருகோணமலையிலிருந்து படகேறி, மண்டபம் முகாமுக்குப் போன குடும்பம். அவன் அங்கேயே வளர்ந்தான். பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் அவளைக் கண்டு கட்டிக்கொண்டான். சண்டை ஓய்ந்து சில வருடங்களுக்குப் பிறகு தாயையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். அவனும் மாமியும் திரும்பி வந்தார்கள். பூமயில் வந்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய இந்தியக் கடவுச்சீட்டில் வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்க வேண்டும். கணவனோடு இருக்கலாம், எந்த வேலையும் செய்யக்கூடாது, சம்பளம் இல்லாத வேலைகூட. ரிஷிகேசன் முதல் தடவை அதை வாசித்துச் சொன்னபோது அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த மீன யாரு கழுவுறதாம்?" என்று கேட்டுச் சிரித்தாள். அது வந்த புதிதில். பிறகு அதைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

நிலாவெளி ஹோட்டல்களில் பெயின்ட் அடிக்கிற வேலை சீசனுக்குச் சீசன்தான். அதனால்தான் கூடை. பள்ளிக்கூட நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பழகிய பின்னல் அது. முதலில் மகள் லோஜனாவுக்குச் சாப்பாட்டுக் கூடை ஒன்று போட்டாள். பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் தனக்கும் வேண்டுமென்றார். பிறகு கோயில் திருவிழாக்கள், கடற்கரையோரத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுகிற பெண்கள் சந்தை. கூடைகள் விற்கவே செய்தன. அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சில் ஓம் வந்தது, ஏலாது வந்தது, கதைக்கிறதும் வந்தது. ஆனால் அவசரத்தில் "அப்புறம்" என்று ஒரு சொல் எங்கிருந்தோ குதித்துவிடும்.

"நீ சிரி, போதும்" என்பார் மாமி. "ஊமை எண்டு நினைச்சா நினைக்கட்டும். அங்க நாங்கள் அகதி எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தம். இஞ்ச உன்ர முறை. கணக்குச் சரி."

யாராவது ஊரைக் கேட்டே தீருவேன் என்று நின்றால் சொல்வதற்கும் மாமி ஓர் ஊரைத் தெரிந்து வைத்திருந்தார். ஈச்சிலம்பற்று. மூதூரையும் தாண்டிப் போக வேண்டிய இடம். அங்கேயிருந்து யார் இவ்வளவு தூரம் கூடை வாங்க வரப்போகிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி பின்பக்கம் போயிருந்த நேரம், சட்டைப் பையில் பேனை குத்திய ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கூடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவான வேலை. நீங்கள் எவடம் தங்கச்சி?"

பூமயில் சிரித்தாள். அவர் போகவில்லை.

"ஈச்சிலம்பற்று" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அட! நான் அங்கதான் கலியாணம் கட்டினது. ஆற்ற மகள் நீங்கள்?"

யாருடைய மகள்? ஊரைச் சொன்னால் அடுத்து வருகிற கேள்வி அதுதான். பூமயிலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கூடையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மாமி வந்துவிட்டார்.

"என்ர மருமகள் தம்பி. தகப்பன் சின்னனிலயே காலமாகிப் போட்டார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சனமெல்லாம் சிதறிப் போச்சு."

"காலமானாலும் ஒரு பேர் இருக்குமே அம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "பரவாயில்லை. நான் குணரத்தினம். அடுத்த சந்தைக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன். ஊர்ச்சனத்தைக் கண்டா துள்ளிக் குதிப்பா."

"தம்பிக்கு எங்க வேலை?"

"கவண்மேந்து உத்தியோகம்தான்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார்.

பக்கத்து மேசையில் அச்சாறு விற்கிற பஹ்மியாவுக்கு விஷயம் முழுவதும் தெரியும். "ராத்தா, அந்த மனிசன் எந்தக் கந்தோரில வேலை எண்டு விசாரிச்சுப் பாக்கட்டா?"

"வேண்டாம் பிள்ளை. ஏன் விசாரிக்கிறீங்கள் எண்டு திருப்பிக் கேப்பினம்" என்று மாமி தடுத்தார்.

அடுத்த சந்தை, ஒரு மாதம் கழித்து வருகிற ஞாயிறு. அதற்கடுத்த புதன்கிழமை விசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். ரிஷிகேசன் இந்தமுறை சந்தைக்குப் போகவே வேண்டாம் என்றான். "போகாட்டித்தான் சந்தேகம் வரும்" என்றார் மாமி. அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். யார் யாரிடமோ கேட்டு வந்து, கோயில் எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம், பஸ் எங்கே நிற்கும் என்று சோறு போடும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்லிக் கொடுத்தார். பூமயிலுக்கு எதுவும் தலையில் நிற்கவில்லை. மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த லோஜனாதான் இடையிடையே தலையைத் தூக்கித் திருத்தினாள். "அது வடக்குப் பக்கமில்லை அம்மா. நேற்று அப்பம்மா தெற்கெண்டவ."

அந்த மாதத்தில் ஒருநாள் தெரு முடக்கிலிருக்கும் கடைக்காரர் மாமியிடம் சொன்னார்: "உங்கட மருமகளைப் பற்றி ஒராள் கேட்டவர். கூடை ஓடர் குடுக்கவாம்."

"என்ன சொன்னீங்கள்?"

"நல்ல பிள்ளை எண்டு சொன்னனான். வேற என்னத்தைச் சொல்லுறது?"

யாரும் ஓடர் கொடுக்க வரவில்லை. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பூமயில் பின்னுவதை நிறுத்தி வயர்க்கட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். சத்தம் கடந்து போகும். திரும்ப எடுக்கும்போது எந்த முடிச்சில் விட்டாள் என்று தெரியாது.

சந்தை ஞாயிறன்று அவர்கள் வந்தார்கள். குணரத்தினத்தின் மனைவி பூரணி கண்ணாடி போட்ட, நிதானமான பெண். துள்ளிக் குதிக்கவில்லை. கூடைகளைப் பார்க்கவுமில்லை. பூமயிலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈச்சிலம்பற்றில எவடம்?"

"கோயிலடிதான்" என்று மாமி முந்திக்கொண்டார். "இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, கதைக்க ஏலாது."

"அப்பிடியே?" என்ற பூரணி, மேசைக்கு ஓரமாக நின்ற லோஜனாவிடம் குனிந்தார். "நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். அம்மம்மா வீடு எங்க?"

"கோயிலுக்குப் பின்னால. கிணத்தடியில முருங்கை நிக்குது" என்றாள் லோஜனா. "அம்மம்மா ஆடு வளர்த்தவ. ஒரு குட்டிக்கு என்ர பேர்தான் வைச்சவ."

ஆட்டை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மாமிகூடத் திகைத்துப் போனார். குழந்தையின் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"இப்ப ஆட்டை ஆர் பாக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அம்மம்மா போன வரியம் செத்துப் போனவ. நான் சரியா அழுதனான்."

பூமயிலின் அம்மா அன்று காலையில்தான் போனில் வந்து, பேத்தியின் விழுந்த பல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாள். லோஜனாவும் காட்டியிருந்தாள். அதே வாய்.

"எங்கம்மா சாகல" என்றாள் பூமயில்.

மாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கம்மா உசுரோடதான் இருக்கு. ராமநாதபுரத்துல. நானும் அங்கதான். இந்தக் கூடை அத்தனையும் நான் பின்னுனது." சத்தமாகச் சொல்லிவிட்டாள். பஹ்மியா அச்சாறு அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றாள்; அவளிடம் வாங்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கண்டவுடனயே விளங்கினது" என்றார் மெதுவாக. "பிள்ளை சொன்னதை நம்பின மாதிரிப் போயிருப்பன். இப்ப அவருக்கு முன்னால சொல்லிப்போட்டீங்களே."

குணரத்தினம் சிரிக்கவில்லை. கையிலிருந்த கூடையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"விசா எப்ப முடியுது?"

"புதன்கிழம போகணும்."

"ஓம்" என்றார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமி கதிரையில் உட்கார்ந்தார். "பத்து வரியமாக் கட்டிக் காத்தது" என்றார். "ஒரு ஆட்டுக்குட்டி வந்து மேஞ்சிட்டுப் போட்டுது."

லோஜனா அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "நான் நல்லாத்தானே சொன்னனான் அம்மா?"

"நல்லாத்தான் சொன்ன" என்றாள் பூமயில். அவளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "இனிமே சொல்ல வேணாம்."

புதன்கிழமை கொழும்பு விசாக் கந்தோரில் கூட்டம் அதிகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் கடவுச்சீட்டைப் புரட்டினார், கணினியைப் பார்த்தார், பூமயிலைப் பார்த்தார். பிறகு கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒவ்வொரு முறையும் இப்பிடித்தானே" என்றான் ரிஷிகேசன். ஒரு முறையும் அப்படி நடந்ததில்லை. இருவரும் சுவரோரக் கதிரைகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அடுத்த கண்ணாடியில் வேலையை முடித்துக்கொண்டு, சிரித்தபடி படியிறங்கிப் போனார்கள். கதவு திறக்கவில்லை. ரிஷிகேசன் இரண்டு தடவை எழுந்துபோய்க் கேட்டான். வருவார் என்றார்கள்.

ஊரிலிருந்து மாமி போன் எடுத்தார். சந்தைக்குப் பிறகு அவர் பூமயிலோடு அதிகம் கதைத்திருக்கவில்லை.

"என்னவாம்?"

"இருக்கச் சொல்லியிருக்காங்க மாமி."

அந்தப் பக்கத்தில் மூச்சு நின்று, பிறகு பெரிதாக வெளியே வந்தது. "என்ர அம்மாளாச்சி!" மாமி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "லோஜனா! ஓடி வா! அம்மாவை இஞ்சயே இருக்கச் சொல்லிப்போட்டினமாம்!" குழந்தை கூவிக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"மாமி... கதிரையில மாமி. கதிரையில இருக்கச் சொல்லியிருக்காங்க."

யாருக்கும் கேட்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"திருப்பி எடுத்துச் சொல்லன்" என்றான் ரிஷிகேசன்.

பூமயில் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.